கீழாநெல்லியும் சுடுகாட்டு மல்லியும்

(அனுமந்தன்பட்டியில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் மூலிகையும் பகுத்தறிவும் என்பதாகும். சாதியையும் சடங்கையும் பற்றிப் பேச வருகிறவர்கள் வேரையும் தழையையும் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் மனிதன் தன் புத்தியை அடகு வைக்கும் இடங்களில் முதன்மையானது நோய்ப்படுக்கையே ஆகும். உடம்பு திடமாக இருக்கும்போது எதையும் ஏன் என்று கேட்கிறவன்கூட, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இராத்திரியில் யார் எதைக் கொடுத்தாலும் இரு கையாலும் வாங்கிக் கொள்ளுகிறான். அவனை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. அவன் கையில் கொடுக்கப்பட்ட தழை மருந்தா, விஷமா, அல்லது வெறும் புல்லா என்று தெரிந்து கொள்ளுவதற்கு ஒரு வழி வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

நாம் வைத்தியப் பட்டம் பெற்றவர்களல்ல. கிடைத்த புத்தகத்தைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்து கொண்டவைகளையே சொல்லப் போகிறோம். எல்லாம் நீங்களே தேடிச் சரிபார்த்துக் கொள்ளக் கூடியவைகளே.

இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறவர்களுக்கு மூலிகை என்ற சொல்லின்மேல் ஒரு மயக்கம் இருப்பது இயற்கையே. மேற்கே பார்த்தால் ஏலமலை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கொண்டு குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் காய் பறிக்கப் போகும் நம் பெண்கள், மாலையில் திரும்பும்போது அவர்கள் சேலையெல்லாம் ஏலம் மணக்கிறது. தெற்கே போனால் சுருளி. சுருளித் தண்ணீர் மூலிகை வேர்களின்மேல் ஓடி வருவதால் அதில் முழுகினால் சகல நோயும் தீருமென்று சொல்லுகிறார்கள். வேரைத் தொட்டு வந்த தண்ணீரெல்லாம் மருந்தாகுமென்றால், அரிசி மூட்டையின்மேல் பெய்த மழையைக் குடித்துப் பசியாறிக் கொள்ளலாமே! குளிப்பது நல்லது, குளித்தால் அழுக்குப் போகும், அலுப்பும் தீரும். அதற்குமேல் சொல்லுகிறவர்கள்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

மூலிகை விஷயத்தில் நம் நாட்டில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சி, எல்லாம் முனிவர்கள் ஞானதிருஷ்டியால் கண்டது, ஆகையால் சோதிக்க வேண்டியதில்லை என்கிறது. மற்றொரு கட்சி, நாட்டு மருந்தெல்லாம் குப்பை, வெள்ளை உடுப்புப் போட்டவர் சொன்னால்தான் மருந்து என்கிறது. இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. அதாவது சொன்னவர் யார் என்று பார்க்கின்றனவேயொழிய, சொன்னது மெய்யா என்று பார்ப்பதில்லை.

செடிக்கு ஏன் மருந்துக் குணம்?

செடி நமக்காக மருந்து செய்து வைத்துக் கொண்டு காத்திருக்கவில்லை. பூச்சி கடித்தால் அதனால் ஓட முடியாது. ஆடு மேய வந்தால் கத்த முடியாது. ஆகையால் அது கசப்பையும், காரத்தையும், நெடியையும், விஷத்தையும் தன் இலையிலும் பட்டையிலும் விதையிலும் உண்டாக்கிக் கொள்ளுகிறது. அவைகளில் சில மனிதன் உடம்பில் போய் ஒரு அளவில் உதவி செய்கின்றன. அளவு தப்பினால் கொல்லுகின்றன. மிகப் பல ஒன்றுமே செய்வதில்லை. எது எந்த வகை என்பதைச் செடியின் பெயரோ, அது முளைத்த மலையோ, அதைப் பறித்த நாளோ சொல்லாது. சோதனைதான் சொல்லும்.

கீழாநெல்லி

மஞ்சள் காமாலை என்றவுடன் நம் ஊரில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து விடுகிறோம். பத்தில் எட்டுப் பேருக்கு வடிந்து விட்டது என்று வைத்தியர் சொல்லுகிறார். அவர் பொய் சொல்லுவதாக நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலையில் பெரும்பாலானது, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், சில வாரங்களில் தானே வடிந்து போகக் கூடியது. சேவல் கூவிய பிறகு பொழுது விடிகிறது என்பதற்காகச் சேவல்தான் விடிய வைத்தது என்று சொல்லலாமா? சேவலைக் கூவ விடாமல் மூடி வைத்து ஒரு நாள் பார்த்தாலன்றோ உண்மை தெரியும்!

இப்படிப் பார்த்தவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் அவர்களும் அவருடைய கூட்டாளிகளும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் என்ற அமெரிக்கரும் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்தார்கள். அந்தக் கிருமியை இரத்தத்தில் சுமந்து கொண்டிருந்தவர்களில் ஒரு சாராருக்குக் கீழாநெல்லித் தூளை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் தூளைக் கொடுத்தார்கள். பிறகு இரத்தத்தைப் பார்த்ததில், கீழாநெல்லி தின்ற 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது; வெறும் தூள் தின்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்திருந்தது. இதை 1988-இல் ‘லான்செட்’ என்னும் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகை வெளியிட்டது.

நம் வரப்பில் முளைக்கும் புல் உலகப் பத்திரிகையில் ஏறிவிட்டது என்றால் நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தாய்லாந்திலும், நியூசிலாந்திலும், வேறு சில இடங்களிலும் மற்றவர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதன்பின் எல்லாச் சோதனைகளையும் ஒன்று சேர்த்து நிறுத்துப் பார்த்தவர்கள், கீழாநெல்லி அந்தக் கிருமியைத் தீர்க்குமென்று சொல்லப் போதிய ருசு இல்லை என்றே முடிவு கூறினார்கள்.

இதில் சென்னைக்காரர்களுக்கு அவமானம் ஏதும் உண்டா? ஒன்றுமில்லை. ஏட்டில் இருக்கிறது என்று அவர்கள் நம்பி விடவில்லை. நாட்டுத் தழை என்று தள்ளி விடவுமில்லை. சோதித்தார்கள், கண்டதைக் கணக்கோடு நாலு பேர் பார்க்க வைத்தார்கள், மற்றவர்கள் திரும்பச் சோதித்தார்கள். மந்திரக்காரன் தன் மந்திரத்தை இன்னொருவன் சோதிக்க விடுவானா? அறிவுக்கும் மந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதனால் உங்களுக்கு ஆக வேண்டிய காரியம் என்ன? காமாலை என்பது நோயல்ல. உள்ளே ஏதோ நோய் இருக்கிறது என்பதற்கு அடையாளம். எந்த வகை என்று இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். பி வகையாக இருந்தால் அது பல வருஷம் பதுங்கியிருந்து ஈரலைச் சுருக்கி விடும், புற்றையும் உண்டாக்கும். அதற்குத் தடுப்பு ஊசி இருக்கிறது. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறார்கள். மோரும் கீழாநெல்லியும் குடித்தாயிற்று என்று சொல்லி அந்த ஊசியையும் பரிசோதனையையும் விட்டு விடாதீர்கள்.

சுடுகாட்டு மல்லி

இனி இதற்கு நேர் எதிரான ஒரு செடியின் கதையைச் சொல்லுகிறோம். வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும் ஒரு செடியை நித்தியகல்யாணி என்று சிலரும், சுடுகாட்டு மல்லி என்று சிலரும் சொல்லுகிறோம். பிணம் புதைக்கும் இடத்தில் தண்ணீர் விடுவாரில்லாமல் தானே பூத்துக் கிடப்பதால், இது வீட்டுக்கு ஆகாது, தலையில் வைக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். மனிதரில் தீண்டத்தகாதவர் என்று ஒரு கூட்டத்தை உண்டாக்கியவர்களுக்குப் பூவில் ஒன்றை உண்டாக்குவது பெரிய காரியமா?

இந்தச் செடி மடகாஸ்கர் தீவிலிருந்து உலகமெங்கும் பரவியது. பல நாடுகளில் இதன் இலையை நீரிழிவுக்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1952-இல் ஜமெய்க்காவிலிருந்து கானடாவுக்கு இதன் 25 இலைகள் ஒரு உறையில் வந்து சேர்ந்தன. ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானி அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாய்வழி கொடுத்ததில் சர்க்கரை குறையவே இல்லை. ஊசி மூலம் ஏற்றியபோது எலிகள் செத்துப் போயின. அசட்டு மனிதராயிருந்தால் அத்துடன் இலையைக் குப்பையில் எறிந்திருப்பார். அவர், ஏன் செத்தன என்று பார்த்தார். இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்து போயிருந்தன. நோயை எதிர்க்கச் சக்தியில்லாமல் செத்திருக்கின்றன. அப்படியானால், வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக் குழந்தைகளைக் கொல்லும் இரத்தப் புற்றுக்கு இது உதவாதா?

நோபிளும், சார்ல்ஸ் பீர் என்ற ரசாயன நிபுணரும் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லிக் கம்பெனியாரும் அதே செடியைத் தனியே ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்த வின்கிரிஸ்டின் என்ற மருந்துக்கு 1963-இல் அனுமதி கிடைத்தது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு உள்ளே நூல்போல் ஒரு சட்டம் கட்டிக் கொள்ளும். அதைக் கட்ட விடாமல் செய்வதே இந்த மருந்தின் வேலை. 1950-களின் தொடக்கத்தில் இரத்தப் புற்று கண்ட குழந்தை அநேகமாகப் பிழைப்பதில்லை. இன்று, வின்கிரிஸ்டினோடு வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் நல்ல ஆஸ்பத்திரிகளில், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் தென் மாவட்டங்களின் மானாவாரிப் புஞ்சையிலேயே இச்செடியைப் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

கல்யாண வீட்டுக்கு ஆகாது என்ற பூ எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் கல்யாண வயது வரை வாழ வைத்திருக்கிறது, பார்த்தீர்களா! நீரிழிவு தீரும் என்று உலகம் நம்பியதைத் தேடப் போனார்கள். யாரும் நம்பாத வேறொன்று அகப்பட்டது. நம்பிக்கை ஒரு துப்பாக இருக்கலாம்; தீர்ப்பாக இருக்க முடியாது.

உடனே யாரும் இதன் இலையைப் பறித்துப் புற்றுக்குக் கஷாயம் வைத்து விட வேண்டாம். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் மருந்துதான் தேறும். அதையும் குழந்தையின் உடல் அளவுக்குக் கணக்கிட்டு நரம்பில் ஏற்றுகிறார்கள். கஷாயத்தில் மருந்து எவ்வளவு, விஷம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓமமும் கற்பூரமும்

மணமுள்ள பொருளை வாலையிலிட்டு வடித்தால் ஆவியோடு ஏறி வரும் எண்ணெயையும் மருந்தென்று விற்கிறார்கள். ஏலத்தின் மணத்தில் பெரும் பங்கு தரும் சினியோல் என்ற சரக்கேதான் நீலகிரித் தைலத்திலும் இருக்கிறது. இலவங்க எண்ணெயைப் பல் டாக்டர்கள் இன்றும் உபயோகிக்கிறார்கள். ஓமத்தை வடித்தால் தைமால் வருகிறது. இந்தத் தைமாலைப் பற்றி ஒரு சரித்திரம் உண்டு.

செருப்பில்லாத காலின் வழியே உடம்புக்குள் புகுந்து, குடலில் ஒட்டிக் கொண்டு இரத்தம் குடிக்கும் கொக்கிப் புழுவை அறிவீர்கள். இலங்கைத் தோட்டங்களில் பாடுபட்ட நம் தமிழ்க் கூலி மக்களை அது சோகை பிடிக்க வைத்தது. துரைமார்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். 1916 முதல் அங்கே ராக்பெல்லர் நிதியத்தார் புழு நீக்கும் வேலையைத் தொடங்கித் தைமாலையும், செனோபோடியம் என்ற மற்றொரு செடியின் எண்ணெயையும் கொடுத்தார்கள். இரண்டும் புழுவைக் கொன்றன. ஆனால் தைமால் சாப்பிட்டவன் அன்று எண்ணெய்ப் பண்டமோ சாராயமோ தொட்டால், புழுவோடு அவனும் போக வேண்டியதுதான்; அவை மருந்தை இரத்தத்துக்குள் இழுத்து விடும். செனோபோடியத்திலோ, புழுவைக் கொல்லும் அளவுக்கும் மனிதனைக் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. இவைகளையெல்லாம் விடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. மருந்து கொடுத்தும் கக்கூசு கட்டிக் கொடுக்காத லயங்களில் புழு திரும்பி வந்தது. காலுக்குச் செருப்பும், குடியிருப்புக்குக் கக்கூசும் இல்லாமல் மருந்தை மட்டும் ஊற்றுவது ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் இறைப்பதாகும். நம் ஏலமலை வேலையாட்களுக்கும் இது பொருந்தாதா என்று யோசித்துப் பாருங்கள்.

கற்பூரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஒரு காலத்தில் மரத்திலிருந்து வடித்தார்கள். இன்று பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்கிறார்கள். தட்டில் எரியும்போது கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறோம். அதே வில்லையைச் சிறு குழந்தை மிட்டாய் என்று விழுங்கினால் சில நிமிஷங்களில் வலிப்புக் கண்டு விடும். ஒரு கிராம் அளவே குழந்தையின் உயிரைக் குடித்திருக்கிறது. தாய்மார்களே! கற்பூரத்தையும் தைலப் புட்டியையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கைக்குழந்தையின் மூக்கில் தைலம் தடவாதீர்கள். விழுங்கி விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள்.

ஈசுரமூலி

“மூலிகைதானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாதே” என்று சொல்லுவார்கள். இதைப்போல் ஆளைக் கொல்லும் பேச்சு வேறு இல்லை. அரளி விதை மூலிகையில்லையா?

ஈசுரமூலி என்று ஒரு கொடி உண்டு. பெருமருந்து என்றும் அதற்குப் பெயர். கடவுள் பெயரே இருக்கிறது; இனி என்ன சந்தேகம் என்று பாம்புக் கடிக்குக் கூட அரைத்துக் கொடுக்கிறார்கள். அதன் உறவு ஆடுதின்னாப்பாளை. இவ்விரண்டின் இனத்திலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற விஷம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்க ஒரு வைத்தியசாலையில் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பிறகு அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் கண்டது. ஆராய்ந்ததில், ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த மற்றொன்று, அதாவது இந்த இனத்துச் செடி, சேர்ந்திருந்தது தெரிந்தது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் இதைப் புற்றுண்டாக்கும் பொருளென்று நிச்சயித்து விட்டது. ஈசுவரன் பெயர் சூட்டியும் விஷம் விஷமாகவே இருக்கிறது. பெயர் சூட்டிய பண்டிதரைவிட, தின்னாமல் விலகிப் போன ஆடு எவ்வளவு புத்திசாலி!

பாம்புக் கடிக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து விஷமுறிவு ஊசி ஒன்றுதான். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள், சென்னைக்குத் தெற்கே 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கொண்ட இருளர் மக்கள். 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வயலில் கடிபட்டவனுக்கு வேர் தேடிப் போகும் அரை மணி நேரம் அவன் ஆயுளிலிருந்து எடுத்த அரை மணி நேரமாகும். 108-க்குச் சொல்லுங்கள், கம்பத்துக்கோ, உத்தமபாளையத்துக்கோ, தேனி க. விலக்குக்கோ கொண்டு போங்கள்.

கண்டவர்கள் யார்?

நிற்க. மூலிகை அறிவெல்லாம் முனிவர் தந்தது என்கிறார்களே, அதற்கும் ஒரு சங்கதி சொல்லுகிறோம். பொதிகையில் அகத்தியர் பெயரால் வழங்கும் மலைக்கு 1987-இல் மூலிகை தேடி விஞ்ஞானிகள் ஏறினார்கள். ஏறியவர்கள் மூச்சு வாங்கி நின்றபோது, வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்று களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டதற்கு ஆரோக்கியப்பச்சையைக் காட்டினார்கள். அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்து 1995-இல் ஒரு கம்பெனிக்கு உரிமை கொடுத்தபோது, வந்த பணத்தில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடு செய்தார்கள். மலைக்குப் பெயர் அகத்தியருடையது. செடியைக் காட்டியது காட்டில் வாழும் ஏழை. நம் நாட்டு மூலிகை அறிவில் உண்மையாயுள்ளது எதுவோ, அது பாடுபட்டவன் பார்த்துப் பார்த்துக் கண்டது. அவனுக்குப் பேரும் கூலியும் கொடுப்பதுதான் மரியாதை.

ஆகவே தோழர்களே! நாளை உங்கள் வாசலுக்கு ஒருவர் வேரோ, தூளோ, தைலமோ கொண்டு வந்தால் நாலு கேள்வி கேளுங்கள். இது எந்தச் செடி, நிச்சயமாகத் தெரியுமா? இதில் வேலை செய்யும் பொருள் எது, ஒரு வேளைக்கு எவ்வளவு? இதைத் தின்றவர்களையும் தின்னாதவர்களையும் ஒப்பிட்டு யார் பார்த்தார்கள்? இது கெடுதல் செய்தால் எப்படித் தெரியும்? இந்த நாலையும் காவி கட்டியவரிடமும் கேளுங்கள், கோட்டுப் போட்டவரிடமும் கேளுங்கள். பதில் சொல்லுகிறவரிடம் மருந்து வாங்குங்கள். கோபித்துக் கொள்ளுகிறவரை வாசலோடு அனுப்பி விடுங்கள்.

நாம் சொன்னதையும் இந்த நாலு கேள்வியால் அளந்து பார்த்து, சரியென்று பட்டதை மட்டும் வீட்டுக்கு எடுத்துக் கொண்டு போகும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.